தாய்வீட்டுக்குப் போன கார்

பங்காவைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ அக்கா. நோர்வேயில இருந்து வந்தா இந்த வெக்கை உடம்புக்குப் பழகக் கனநாள் எடுக்கும். ம், போதும். உங்கட மகள் உள்ளுக்கையே இருக்கட்டும். முதல்ல நாங்கள் பெரியாக்கள் கதைச்சு முடிப்பம்.

நான் செல்வமலர். மாப்பிளை நிமலன்ர ஒரே தமக்கை. தரகர் சொல்லியிருப்பார். தரகர் சொல்லாததைச் சொல்லத்தான் நானே வந்தனான். என்ர தம்பிக்கு இது ரெண்டாம் கலியாணம், அது உங்களுக்குத் தெரியும். முதல் கலியாணம் ஏன் முறிஞ்சது எண்டு ஆளுக்கொரு கதை சொல்லுவினம். அந்தப் பெட்டையின்ர சொந்தக்காரர் இந்த ஊருக்கையும் திரியினம். அவையின்ர வாயால கேக்கிறதுக்கு முதல் என்ர வாயால கேளுங்கோ. எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. எங்கட குடும்பத்தைக் குலைச்சது ஒரு பொம்பிளை. அந்த நாட்டில அவளை டூலா எண்டு சொல்லுறது.

டூலா எண்டா என்னெண்டு பாக்கிறியள், என்ன? நானும் அப்பிடித்தான் முழிச்சனான். டாக்குத்தரும் இல்லை, மருத்துவிச்சியும் இல்லை. வெளிநாட்டில இருந்து வந்த பொம்பிளை, பாசை தெரியாது, தாய் பக்கத்தில இல்லை, பிள்ளை பெறப் போறாள் எண்டா, அவளின்ர பாசை தெரிஞ்ச ஒரு மனிசியைத் தேடிப் பிடிச்சு, படிப்பிச்சு, இவளோட விடுவினம். ஊசி போடமாட்டாள். வயித்தைத் தொட்டுப் பாக்கமாட்டாள். கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில இருக்கிறதுதான் வேலை. அதுக்கு ஒரு பேர், அதுக்கு ஒரு படிப்பு. வெள்ளைக்காரனுக்கு வேற வேலையில்லை.

நிமலனைப் பற்றி முதல் சொல்லிவிடுறன். அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தது நான்தான். கலியாணம் முடிச்சு நோர்வேக்குப் போய், நானும் என்ர மனிசனும் மீன் தொழிற்சாலையில நிண்டு, அவனைக் கூப்பிட்டு எடுத்தம். மனிசன் கண்ணை மூடின பிறகு எனக்கு எல்லாம் அவன்தான். என்ர வீட்டிலதான் இருக்கிறான். குடி அளவாத்தான். சிகரெட் தொடான். கோயிலுக்குக் காவடி எடுக்கிறவன். ஒரு குறை, கோபம் வரும். வந்தா ஒரு பத்து நிமிசம். பிறகு பூனைக்குட்டி. அந்தப் பத்து நிமிசத்தைத் தாங்கத் தெரிஞ்சவள் வந்தா அவனைப் போல ஒரு புருசன் கிடையாது. நான் பொய் சொல்லேல்லை அக்கா.

லோஜினிக்கு அந்தப் பத்து நிமிசம் தெரியேல்லை. லோஜினிதான் அவன்ர முதல் மனிசி. உரும்பிராய்ப் பெட்டை. வடிவு, சமையல் நல்லது, மரியாதை தெரியும். வந்து இறங்கினவுடன எனக்கும் பிடிச்சுது. ஆனா எந்த நேரமும் தாயோட போன். அம்மா ஸ்நோவைப் பார், அம்மா கடலைப் பார், அம்மா நான் இண்டைக்குச் சாப்பிட்டதைப் பார். வேலையால வாற புருசனுக்கு முன்னால போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா ஆருக்கு விசர் வராது? ஒருநாள் அவன் போனைப் பறிக்கப் போக அவள் அறைக்குள்ள ஓடிக் கதவைச் சாத்தப் பாத்தாள். அவன் கதவைத் திருப்பி அடிச்சான். அவளின்ர விரல் ரெண்டு இடையில. அவள் ஏன் அங்க விரலை வைச்சவள்? நகம் கறுத்துக் கழண்டு போச்சு. நான்தான் மஞ்சள் வைச்சுக் கட்டினனான். ஒரு கிழமை நான்தான் தலை சீவி விட்டனான். மச்சாள் ஒண்டும் செய்யேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

பிறகு அவள் உண்டானாள். எங்களுக்கெல்லாம் சந்தோசம். ஆசுப்பத்திரிக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனவன், அவளுக்கு நோர்வேப் பாசை வராதுதானே. ரெண்டாம் தரம் போகேக்க அங்க இருந்த மருத்துவிச்சி சொல்லியிருக்கிறாள், புருசன் மொழிபெயர்க்கக் கூடாதாம், வெளியில இருக்கட்டாம். எப்பிடி இருக்கும் அவனுக்கு? கட்டின மனிசியோட டாக்குத்தர் கதைக்கிறதைக் கேக்க அவனுக்கு உரிமை இல்லையோ? வீட்டை வந்து சுவரில குத்தினான். சுவரிலதான் அக்கா. அவள் பக்கத்தில நிண்டவள், அவ்வளவுதான்.

அந்த மருத்துவிச்சி அனுப்பினவள்தான் இவள். ஜெசிந்தா. மன்னார்ப் பக்கம். ஐம்பது வயசிருக்கும். புருசன் இருக்கிறானோ இல்லையோ தெரியாது, நான் கேக்கேல்லை. தடிச்ச உடம்பு, ஆம்பிளைக் குரல், கழுத்தில ஒரு சின்னச் சிலுவை. கதவைத் திறந்தவுடன, "மலர் எண்டது நீங்கள்தானே, லோஜினி எல்லாம் சொன்னவ" எண்டாள். என்ன எல்லாம்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சிரிச்சுக்கொண்டு உள்ள விட்டன்.

கிழமைக்கு ஒருக்கா வருவாள். ஹோலில பாயை விரிச்சு, லோஜினியைச் சுவரில சாய்ச்சு இருத்தி, மூச்சுப் பழக்குவாள். மூக்கால இழு, வாயால மெதுவா விடு. வயித்துநோ வரேக்க அதோட சண்டை பிடிக்காத, வரட்டும், வந்து போகட்டும், நீ மூச்சை மட்டும் பிடிச்சுக்கொள். இதுதான் படிப்பு. எங்கட அம்மாவை ஆர் மூச்சு விடப் பழக்கினது? நாங்கள் பிறக்கேல்லையோ? நான் குசினிக்குள்ள நிண்டு சிரிப்பன். லோஜினி கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பாள். சொல்லக்கூடாது, அந்த ஒரு மணித்தியாலம் அவளின்ர முகம் நல்லாத்தான் இருந்தது.

அந்த மூச்சாலதான் வினை வந்தது. கேளுங்கோ.

ஏழாம் மாசம். ஒரு சனிக்கிழமை. அவன் கேட்டிருக்கிறான், அந்தப் பொம்பிளையிட்ட என்ன சொன்னனீ எண்டு. ஒண்டும் சொல்லேல்லை எண்டிருக்கிறாள். அவன் நம்பேல்லை. ஆர்தான் நம்புவான்? கையைத் தூக்கினான். நான் எப்பவும் அந்த நேரம் குசினியில தண்ணியைத் திறந்து விட்டிடுவன். புருசன் பெண்சாதி விசயத்துக்குள்ள நான் தலை போடுறதில்லை. ஆனா அண்டைக்கு வழக்கமா வாற சத்தம் வரேல்லை. அழுகை இல்லை, ஐயோ இல்லை. என்னடா இது எண்டு எட்டிப் பாத்தன்.

அவள் சுவரில சாய்ஞ்சு நிக்கிறாள். கண் மூடியிருக்கு. மூக்கால இழுக்கிறாள், வாயால விடுறாள். அவன் அடிக்கிறான். அவள் இழுக்கிறாள். அவன் அடிக்கிறான். அவள் விடுறாள். அந்த மன்னார்க்காரி பழக்கினது அப்பிடியே. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

நீங்களே சொல்லுங்கோ, அது ஒரு ஆம்பிளையை நக்கல் அடிக்கிற மாதிரி இல்லையோ? அழுதிருந்தா அவன் அண்டைக்கும் பத்து நிமிசத்தோட விட்டிருப்பான். இவள் ஊத ஊத அவனுக்கு ஏறிச்சுது. தலைமயிரைப் பிடிச்சு இழுத்துக் கீழ விழுத்தினான். உதைஞ்சான். வயித்தில இல்லை, இடுப்பில. நான் கண்ணால கண்டனான், அவள் வயித்தைச் சுத்திக் கையை வைச்சுச் சுருண்டிட்டாள், வயித்தில படேல்லை. அப்பவும் ஊதுறாள் அக்கா. தரையில கிடந்துகொண்டு. கடைசியில அவன்தான் களைச்சுப்போய்க் கதிரையில இருந்தான்.

அடுத்த கிழமை ஜெசிந்தா வந்தாள். லோஜினி நடக்கிறதைப் பாத்தாள். அவள் கேக்க முதலே நான்தான் சொன்னன், ஸ்நோவில வழுக்கி விழுந்திட்டாள் எண்டு. "ஓம், இந்த வீட்டுக்குள்ள ஸ்நோ கூடத்தான்" எண்டாள். எப்பிடி வாய் பாருங்கோ. அண்டைக்கு மூச்சுப் பழக்கேல்லை. லோஜினியின்ர காலை மடியில வைச்சுத் தேய்ச்சுக்கொண்டு, சின்னக் குரலில என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் எடுக்கிற சாட்டில ரெண்டு தரம் போனன். ரெண்டு தரமும் வாயை மூடிட்டினம்.

இனி வளைகாப்பு. இதைச் சொல்லேக்க இப்பவும் எனக்கு வயிறு எரியும்.

எங்கட ஊரில முந்தி வளைகாப்பு எங்க இருந்தது? ஆனா அங்க இப்ப வைக்காத வீடில்லை. மண்டபம் எடுத்து, மேடை சோடிச்சு, வீடியோ, ட்ரோன், கேக். எங்களுக்கு நாலு சனத்தின்ர முகத்தில முழிக்க வேணும். அதோட நிமலனைப் பற்றிக் கதை கொஞ்சம் வெளியில போகத் தொடங்கியிருந்தது. கோயிலில பொம்பிளையள் என்னைக் கண்டா கதையை நிப்பாட்டுவினம். ஒரு பெரிய விசேசம் வைச்சு, அவளைச் சோடிச்சு மேடையில இருத்தினா எல்லார் வாயும் மூடும் எண்டு நான்தான் சொன்னன். யோசனை என்ரதான். அதை நான் மறைக்கேல்லை.

அந்த வீடியோக்காரப் பொடியன் இந்தியாவில எடுத்த வளைகாப்பு வீடியோ கனக்கக் காட்டினான். அதில கடைசியில ஒரு கட்டம் வரும். தாய் வீட்டார் வந்து, பெட்டையைக் கையில பிடிச்சு, தலைப்பிரசவத்துக்கு எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு காரில ஏத்துவினம். மாமியார் அழுவா, புருசன் கை காட்டுவான், பின்னால பாட்டுப் போகும். சரியான வடிவு. எங்கட வீடியோவிலயும் அது வேணும் எண்டு நான் நிண்டன். லோஜினிக்கு அங்க தாய் வீடு ஏது? ஆரைத் தாயா நிப்பாட்டுறது? நானே வாய் திறந்து கேட்டன் அக்கா. அந்த ஜெசிந்தாவிட்ட. "நீங்கள் தாய் ஸ்தானத்தில நிண்டு காரில ஏத்தி, ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்து விடுங்கோ, வீடியோவுக்கு" எண்டு. அவள் திகதி, நேரம் எல்லாம் கேட்டுப் போனில குறிச்சாள். பிறகு, "அதுக்கென்ன, செய்வம்" எண்டாள்.

தாய்வீட்டுக்குப் போற பிள்ளை எண்டா கையில ஒரு பெட்டி வேணும். வெறும் பெட்டி எண்டா காத்தில ஆடும், வீடியோவில தெரிஞ்சிடும். நான்தான் அவளின்ர உடுப்பை அடுக்கினன். அவளின்ர பாஸ்போர்ட் நிமலன்ர அலுமாரியில பூட்டிக் கிடந்தது. அவளின்ர பட்டுச்சீலையும் அதுக்குள்ளதான், பெட்டியில வைக்கக் காலமை அவனிட்டத் திறப்பை வாங்கி அலுமாரிப் பூட்டைத் திறந்தனான். திறப்பை அதிலயே விட்டிட்டுப் போய் என்ர கொண்டையைக் கட்டினன். எனக்கு அண்டைக்கு ஆயிரம் வேலை.

மண்டபம் நிறையச் சனம். லோஜினிக்குக் கையில முழங்கை வரைக்கும் வளையல், அந்த நகம் போன விரலுக்கு மருதோண்டி போட்டு மறைச்சாச்சு. என்ன வடிவு! ஆராத்தி எடுத்தம். ஜெசிந்தாவும் ஒரு பட்டுச்சீலை கட்டிக்கொண்டு, சிலுவையை உள்ளுக்க விட்டுக்கொண்டு வந்தாள். லோஜினியின்ர கையைப் பிடிச்சாள். எல்லாருக்கும் கேக்கத்தக்கதா, "என்ர பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன்" எண்டாள். சனம் கை தட்டிச்சுது. எனக்குக் கண் கலங்கிட்டுது. நிசமாத்தான். நிமலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில வைச்சான். அவன் தன்ர கையால வைச்சான் அக்கா! வீடியோக்காரன் சரியா விழேல்லை எண்டு சொல்ல, பெட்டியைத் திருப்பி எடுத்து இன்னொருக்கா வைச்சான். லோஜினி பின் சீட்டில இருந்து ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. கார் போச்சு.

சுத்தி வரட்டும் எண்டு வாசல்ல நிண்டம். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சனம் உள்ள வந்து இருந்திட்டுது. நான் இன்னும் வாசல்ல. போன் எடுத்தா ரெண்டு போனும் நிப்பாட்டிக் கிடக்கு. ஆரோ ஒரு பெட்டை, சின்னதா, பின்னால சிரிச்சாள். அந்தச் சிரிப்பு நிமலன்ர காதில விழுந்திட்டுது.

அவன் முதல்ல கேக்கை எடுத்துச் சுவரில எறிஞ்சான். பிறகு மேடையில இருந்த கதிரையைத் தூக்கி வீடியோக்காரன்ர தலையில அடிச்சான். பொடியன்ர காது பிஞ்சு தொங்கிச்சுது. மேசை, கோப்பை, பிரியாணிக் கிடாரம், எல்லாம் போச்சு. தடுக்கப் போன ரெண்டு பேருக்குப் பல்லுப் போச்சு. பிள்ளையள் கதிரைக்குக் கீழ பூந்திட்டுதுகள். எவ்வளவு சோடிச்ச மண்டபம்! என்ர பட்டுச்சீலையில ஒரு கை இரத்தம் அப்பிடியே பதிஞ்சு போச்சு, ஆரின்ர எண்டே தெரியாது.

லோஜினியை, புருசனை விட்டு வந்த பொம்பிளையளை ஒளிச்சு வைக்கிற ஒரு வீட்டில வைச்சிருந்தவை. எந்த ஊர், எந்தத் தெரு, ஒருத்தரும் சொல்லமாட்டினம். பொலிஸ் எங்கட வீட்டுக்கு வந்தது. அவளின்ர உடம்பில இருந்த காயத்தையெல்லாம் படம் எடுத்து வைச்சிருந்தினம். ஒண்டொண்டாக் காட்டிக் கேட்டாங்கள். நான் ஒண்டொண்டாச் சொன்னன். இது குளிக்கேக்க விழுந்தது. இது ஸ்நோவில வழுக்கினது. இது கதவு. கதவு உண்மைதானே! என்ர தம்பிக்கு நான் சொல்லாம ஆர் சொல்லுறது? அந்த வழக்கு அப்பிடியே நிண்டுபோச்சு, மண்டபத்துச் சண்டையைக் காசு குடுத்துத் தீர்த்தம்.

அதோட முடிஞ்சிருக்கும். ஆனா கடவுள் என்னைக் கொண்டுபோய் அங்க விட்டார்.

நான் ஆசுப்பத்திரியில கிளீனிங் வேலை. மனிசன் இருந்த காலத்தில இருந்து அங்கதான். அண்டைக்குப் பிள்ளைப்பேறு வாட்டுக்காரி வரேல்லை எண்டு என்னை விட்டவை. பகல் பதினொரு மணி இருக்கும். மொப் பிடிச்சுக்கொண்டு போறன், ஒரு அறைக்குள்ள இருந்து தமிழ்க் குரல். "பயப்பிடாத குஞ்சு. விடு. மூச்சை விடு. கத்த வேணுமெண்டா கத்து, நல்லாக் கத்து, இஞ்ச உன்னை ஆரும் அடிக்கமாட்டினம்." அந்த ஆம்பிளைக் குரல். மொப்பைச் சுவரில சாத்தினன்.

பிறகு லோஜினி கத்தினாள். அம்மாவோ எண்டு. எங்கட வீட்டில ஒருநாளும் அவள் அப்பிடிக் கத்தேல்லை அக்கா. சுவரெல்லாம் அதிர்ந்தது. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கெண்டே எனக்குத் தெரியாது. நான் கனநேரம் அந்தக் கதவடியில நிண்டன். ஒவ்வொரு நோவுக்கும் ஜெசிந்தா, "வந்திட்டுது, போயிட்டுது, முடிஞ்சுது, இனி அது திரும்பி வராது" எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். வேற ஒரு வேலையும் செய்யேல்லை. சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் நிமலனுக்குப் போன் எடுத்தன். அப்பன்தானே? சொல்லாம விடலாமோ? வாட்டுக் கதவு பூட்டு. என்ர அட்டையாலதான் திறந்து விட்டன்.

அவன் ஓடி வாற சத்தத்துக்கு, மருத்துவிச்சியை உள்ள விட்டிட்டு ஜெசிந்தா வெளியில வந்திட்டாள். வந்தவள் பின்கையால கதவைச் சாத்தி, ரெண்டு கையாலயும் கைபிடியைப் பின்னால பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "தம்பி, இப்ப ஏலாது" எண்டாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் மூஞ்சையில குத்தினான். மூக்கு ஒரு பக்கம் போச்சு. இரத்தம் குபுகுபு எண்டு சட்டையில வடியுது, கையை எடுத்துத் துடைக்கிறாளில்லை. ரெண்டாவது குத்து, வாய். மூண்டாவது, கண். அவள் அப்பிடியே கதவோட சறுக்கிக் கீழ இருந்திட்டாள். கை மட்டும் மேல, கைபிடியில. சிலுவை வெளியில வந்து தொங்குது. அவன் சப்பாத்துக் காலால அந்தக் கையை உதைஞ்சான். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது, காஞ்ச தென்னை மட்டை முறியிற மாதிரி. அவள் விடேல்லை. அப்பவும், அந்த உடைஞ்ச வாயால, கதவுக்கு அங்கால கேக்கத்தக்கதாச் சொல்லுறாள்: "நான் இஞ்சதான் இருக்கிறன் குஞ்சு. தள்ளு. தள்ளு."

பிள்ளை அழுத சத்தம் கேட்டது.

நிமலன் நிண்டிட்டான். என்னைத் திரும்பிப் பாத்தான். "கேட்டியோ அக்கா, என்ர பிள்ளை" எண்டான். முகமெல்லாம் சிரிப்பு. சின்னப் பொடியனா இருக்கேக்க சிரிச்ச அதே சிரிப்பு. பிறகு திரும்பி அவளின்ர தலையில உதைஞ்சான். அதுக்குள்ள ஆசுப்பத்திரிக் காவல்காரர் வந்து அவனை விழுத்தினாங்கள். மூண்டு பேர் ஏறி இருந்தும் அடக்க ஏலாமப் போச்சு.

எல்லாரையும் கொண்டு போன பிறகு, அந்த இரத்தத்தை நான்தான் துடைச்சன். என்ர வேலைதானே. கதவுக்குக் கீழ ஒரு பல்லுக் கிடந்தது. என்ன செய்யிறதெண்டு தெரியாம ஒரு கடதாசியில சுத்தி சட்டைப் பைக்குள்ள வைச்சுக்கொண்டன். பொம்பிளைப் பிள்ளையாம். நான் முகம் பாக்கேல்லை. இண்டைக்கு வரைக்கும் பாக்கேல்லை. அடுத்த நாள் என்னை வேலையால நிப்பாட்டிட்டினம், கதவு திறந்து விட்டதுக்கு. நான் ஆருக்குத் திறந்தனான்? கள்ளனுக்கோ?

நிமலன் உள்ள இருந்தவன். கொஞ்சக் காலம்தான். அந்த நாட்டுச் சிறை எங்கட வீட்டை விட நல்லம், தனி அறை, ரீவி. விவாகரத்தும் அதுக்குள்ள முடிஞ்சுது. வெளியில வந்திட்டான். என்னோடதான் இருக்கிறான். திருந்திட்டான் அக்கா, சத்தியமா. முந்தி மாதிரி இல்லை. முந்தி எந்த நேரம் வருமெண்டு தெரியாது. இப்ப வரப்போகுது எண்டா எனக்கு முதலே விளங்கும், கதிரையை இழுக்கிற விதத்தில.

இந்தக் கையில போட்ட கட்டோ? அது போன மாசம். அவன் வேணுமெண்டு செய்யேல்லை. லோஜினியின்ர கதை வந்தது, நான் எதிர்க்கதை கதைச்சிட்டன், கையை முறுக்கினான். அவ்வளவுதான். எனக்கு வயசு போட்டுது, எலும்பு தாங்கேல்லை. அங்க பொம்பிளை எண்டு வீட்டில நான் ஒருத்திதானே இருக்கிறன். ஆர் மேல கோபத்தைக் காட்டுவான், பாவம்.

அதை எப்பிடியோ அந்த ஜெசிந்தா கேள்விப்பட்டு, ஒருநாள் பின்னேரம் கதவைத் தட்டினாள். மூக்கு கோணல். ஒரு கண் சரியா மூடாது. அந்தக் கையில ரெண்டு விரல் மடங்காது. அந்தக் கோலத்தில எங்கட வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாள். "மலர், நீங்களும் வாங்கோ. பிள்ளை பெறத்தான் வரவேணும் எண்டில்லை" எண்டாள். என்ன திமிர்! என்னையும் பெட்டி கட்டச் சொல்லுறாள், என்ர வீட்டில இருந்து! முகத்தில அடிச்ச மாதிரிக் கதவைச் சாத்தினன். அவள் போற மட்டும் கதவுக்கு இங்கால நிண்டன். அவள் கனநேரம் போகேல்லை.

அதாலதான் சொல்லுறன் அக்கா, பிழை எங்களில இல்லை. வீட்டுக்குள்ள வெளி ஆக்களை விட்டதுதான் பிழை. இந்த முறை டூலா ஒண்டும் வேண்டாம். உங்கட பிள்ளைக்குப் பேறுகாலம் வந்தா நீங்கள் வரலாம், விசா எடுப்பிக்கிறது என்ர பொறுப்பு. பிள்ளை கொஞ்சம் பொறுமைசாலியா இருந்தாச் சரி. நிமலனும் தனிய இருந்து இருந்துதான் இப்பிடி. ஒருத்தி வந்திட்டா எனக்கும் நிம்மதி. நானும் ஒரு நாளைக்குப் பயமில்லாமச் சோறு திண்டு பாக்கிறன்.

நான் எல்லாத்தையும் சொல்லிட்டன். இனி நீங்கள்தான் சொல்லவேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்லை. நாளைக்கு எண்டாலும் சரி.

என்ன?

ஓமோ?

இன்னொருக்காச் சொல்லுங்கோ. சம்மதமோ? இப்பவே நாள் பாப்பமோ?

நில்லுங்கோ அக்கா. இருங்கோ, எழும்பாதேங்கோ. இவ்வளவு நேரமும் நான் என்ன கதைச்சனான்? காது கேட்டதோ உங்களுக்கு? பங்காச் சத்தத்தில விழேல்லையோ? அவன் ஏழு மாசக்காரியை நிலத்தில போட்டு உதைஞ்சவன். நான் சொன்னனான். ஒரு மனிசியின்ர மூஞ்சையை உடைச்சவன். நான் சொன்னனான். என்ர கையைப் பாருங்கோ, நீங்களே கேட்டனீங்கள்!

ஆம்பிளையள் எண்டா கை நீட்டத்தான் செய்வினம், பிள்ளை சமாளிச்சுப் போடுவாள் எண்டோ சொல்லுறியள்? ஓம், அது என்ர கதைதான். நான் சொல்லலாம். நான் அவன்ர தமக்கை. நான் அப்பிடித்தான் சொல்லுவன், எனக்கு வேற சொல்லத் தெரியாது. நீங்கள் தாயெல்லே! ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கேல்லையே நீங்கள். ஏன் அடிச்சவன் எண்டு கூடக் கேக்கேல்லை. வெளிநாடு எண்டவுடன வாயைப் பிளந்துகொண்டு ஓமோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?

எனக்கு ஏன் கோபம் வருதெண்டு கேக்கிறியள். எனக்குத் தெரியாது. உங்கட வாயால ஓமெண்டு கேக்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தனான். கேட்டாச்சு. எனக்கு விடிஞ்சிட்டுது எண்டு நினைச்சன், அப்பிடியெண்டா ஆருக்குப் பொழுதுபடுது?

வேண்டாம். நாள் பாக்க வேண்டாம். சாதகம் பொருந்தேல்லை எண்டு நான் போய்ச் சொல்லுறன். அவன் நம்பமாட்டான். வெறுங்கையோட வந்தனியோ எண்டு கேப்பான். கதிரையை இழுப்பான். அது என்ர பாடு, அதைப் பற்றி நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ.

கூப்பிடாதேங்கோ! அந்தப் பிள்ளையை வெளியில வரச் சொல்லாதேங்கோ அக்கா, உங்களைக் கும்பிட்டன். நான் எழும்பிப் போறன். நான் வாசல் படலையைத் தாண்டுற மட்டும் அவளை உள்ளுக்கையே வைச்சிருங்கோ. அவளின்ர முகத்தை நான் பாக்கக்கூடாது. பாத்து எனக்குப் பிடிச்சுப் போச்செண்டா, கூட்டிக்கொண்டு போயிடுவன்.